உப்பளத்தில் தொடங்கும் லித்தியம் பாடம்

ராமநாதபுரம் கடலோரத்துக்குப் பணிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்கு லித்தியம் என்ற இருமுனை மனநோய் மருந்தைப் பற்றிப் பாடம் எடுக்கும் மனநல மருத்துவர், மருந்தியல் புத்தகத்தை மூடிவிட்டு வாலிநோக்கம் உப்பளத்தில் தொடங்கலாம். வெயிலில் வேர்த்து நீரும் உப்பும் இழந்தவரின் சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறும்.

லித்தியம் அளவைப் பார்க்க ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. மருந்தைத் தொடங்கியோ மாற்றியோ 5 முதல் 7 நாள் ஆனபின். நோய் திரும்பாமல் காக்கும் பராமரிப்பு சிகிச்சைக்குப் பொதுவாக ரத்தத்தில் லிட்டருக்கு 0.6–0.8 மில்லிமோல் இருக்க வேண்டும். பலரும் சறுக்குவது இங்கேதான்: காலை மாத்திரையைப் போட்டுவிட்டு வந்தவருக்கு ரத்தம் எடுத்து, அளவு கூடிவிட்டதாக நினைத்து மருந்தைக் குறைத்துவிடுவார்கள்.

பிறகு ஒருவரை லித்தியம் சாப்பிடும் விசைப்படகுத் தொழிலாளியாக நடிக்கவிட்டு, மற்றவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "உடம்பு வலிக்கு என்ன மாத்திரை போடுவீங்கண்ணே?" என்று யாரும் கேட்காவிட்டால் மறுபடி நடத்துங்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் லித்தியத்தை ஏற்றும், பாராசிட்டமால் பரவாயில்லை.

லித்தியம் அளவு மீறியதன் அறிகுறிகளான கை பலமாக நடுங்குவது, தள்ளாட்டம், நாக்குழறல், வாந்தி, பேதி வந்தால் மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனை. "தண்ணி போட்டிருக்கான்" என்று கரையில் படுக்கவைத்துவிடும் ஆபத்து உண்டு, அதையும் நடிக்கவையுங்கள்.