ராத்திரி 11 மணிக்கு 75 கிலோமீட்டர்ல எதிரொலியா? மேல் வளிமண்டல ரேடார் டேட்டாவுல தவிர்க்க வேண்டிய தவறுகள்

ப்ராஜெக்ட் சீசன் வந்தாச்சு, வேலூர் காட்பாடி பக்கத்து எம்.எஸ்சி. பிசிக்ஸ் பசங்க "சார் எம்எஸ்டி ரேடார் டேட்டா வச்சு எதாவது பண்ணலாமா"ன்னு கேட்க ஆரம்பிச்சுட்டாங்க. (எம்எஸ்டின்னா மீசோஸ்பியர், ஸ்ட்ராடோஸ்பியர், ட்ரோபோஸ்பியர்; தரைக்குப் பக்கத்துலேர்ந்து, 50 கிமீக்கு மேல இருக்குற மீசோஸ்பியர் வரைக்கும் காத்தைப் பாக்குற ரேடார்.) சந்தோஷம்தான். அந்த ரேடார் இருக்குற ஆந்திராவோட காதங்கி நமக்கு ஒண்ணும் தூரம் இல்ல, சித்தூர் போய் அங்கேர்ந்து திருப்பதி ரோட்டுல போனா வந்துடும், 1911க்கு முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு ஜில்லாதான். அங்க இருக்குற ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ், ஆரம்பத்துல பீக் பவர் 2.5 மெகாவாட், 130 மீட்டருக்கு 130 மீட்டர் மைதானத்துல 1024 யாகி ஆன்டெனா. நம்ம ஊர் மொட்டை மாடியில முன்னாடி டிவிக்கு வச்சிருந்தோமே அந்த ஜாதி ஆன்டெனாதான்.

ஃபைல் பேரை மாத்தி சேவ் பண்றது, யூனிட் போடாம கிராஃப் போடுறது, இதையெல்லாம் உங்க கைடு திட்டி சரி பண்ணிடுவாரு, நான் அதுக்குள்ள போகல. யாரும் திட்டாம, அழகா கலர் ப்ளாட்டாகி, போஸ்டர் வரைக்கும் போயிடுற தப்புங்க இருக்கு பாருங்க, அதைப் பத்திதான்.

எதிரொலி எங்கேர்ந்து வந்துச்சுன்னு ரேடாருக்குத் தெரியாது

இதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புற விஷயம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ரேடார் ஒரு பல்ஸை அனுப்புது, எதிரொலிக்குக் காத்திருக்குது, அப்புறம் அடுத்த பல்ஸ். ரெண்டு பல்ஸுக்கு நடுவுல இருக்குற நேரம்தான் ஐபிபி. அது 1 மில்லிசெகண்டுன்னா, அந்த நேரத்துல சிக்னல் 150 கிமீ வரைக்கும் போயிட்டு திரும்பி வர முடியும். அதுக்கு மேலேர்ந்து வர்றது என்ன ஆகும்? அடுத்த பல்ஸ் கிளம்பினதுக்கு அப்புறம் வந்து சேரும், ரேடாரோ அது இப்ப அனுப்பின பல்ஸோட எதிரொலின்னு நெனச்சு 150ஐக் கழிச்ச உயரத்துல கொண்டுபோய் வச்சிடும். காட்பாடி ஜங்ஷன்ல நேத்து வர வேண்டிய டிரெயின் சரியா ஒரு நாள் லேட்டா வந்து நின்னா, போர்டைப் பாக்குறவனுக்கு அது கரெக்ட் டைம் டிரெயின் மாதிரிதானே தெரியும், அதேதான்.

நான் பார்த்த ஒரு கேஸ். நல்ல பையன், கோடிங் சூப்பரா பண்ணுவான். மார்ச் மாசத்து டேட்டா, ராத்திரி 11 மணி வாக்குல 70லேர்ந்து 85 கிமீக்குள்ள பளிச்சுனு ஒரு பட்டை. "சார், ராத்திரியில மீசோஸ்பியர் எதிரொலி, யாரும் பாத்ததில்ல"ன்னு ப்ளாட்டை நீட்டுறான். அதுலேர்ந்து அலையோட பீரியட் எல்லாம் கணக்கு போட்டு, ஒரு சாப்டரே எழுதி முடிச்சாச்சு, கான்ஃபரன்ஸுக்கு அப்ஸ்ட்ராக்ட்டும் போயாச்சு. "தம்பி, ராத்திரியில அங்க எலக்ட்ரான் ஏது?"ன்னு கேட்டேன். அவன் சொன்னதுதான் கொடுமை: அவனுக்கே அந்த சந்தேகம் வந்திருக்கு, கேட்டதுக்கு "டேட்டா என்ன சொல்லுதோ அதை எழுது"ன்னு யாரோ சொல்லிட்டாங்களாம்!

விஷயம் இதுதான். அயனி மண்டலத்தோட அடி அடுக்கான, 60லேர்ந்து 90 கிமீ வரைக்கும் இருக்குற டி பகுதியில எலக்ட்ரான் வர்றது பகல்ல, முக்கியமா சூரியனோட லைமன் ஆல்ஃபாங்குற புற ஊதா ஒளி நைட்ரிக் ஆக்சைடை அயனியாக்குறதால. பொழுது சாஞ்சதும் எலக்ட்ரானெல்லாம் வேகமா சேர்ந்து காணாமப் போயிடும். மீசோஸ்பியர் எதிரொலிக்கு காத்துக் கொந்தளிப்பும் வேணும், எலக்ட்ரானும் வேணும், அதனால 75 கிமீல ராத்திரி தொடர்ச்சியா பட்டை தெரிஞ்சா மொதல்ல சந்தேகப்படணும். (எரிகல் எதிரொலி வரும், ஆனா அது பளிச்னு வந்து போயிடும்.)

அப்ப அந்தப் பட்டை என்ன? அயனி மண்டலத்தோட மேல் அடுக்கான எஃப் பகுதியில, சூரியன் மறைஞ்சப்புறம் எலக்ட்ரான் அடர்த்தி ஒழுங்கில்லாம கலைஞ்சு வர்ற ஸ்ப்ரெட் எஃப். காந்தப் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்குற நமக்கு மார்ச், செப்டம்பர் வாக்குல அது சகஜம். 225 கிமீல இருக்குறது 75ல வந்து உக்காரும், 375ல இருக்குறதும் அதே 75லதான் வந்து உக்காரும்.

கண்டுபிடிக்கிறது கஷ்டமே இல்ல. ஐபிபியை மாத்திப் பாருங்க. 1.2 மில்லிசெகண்ட் வச்சா எல்லை 180 கிமீ ஆயிடும், நிஜமான 75 கிமீ எதிரொலி 75லயே இருக்கும், 225லேர்ந்து வர்றது 45க்குத் தாவிடும். ரெண்டாவது, மத்த பீமைப் பாருங்க, அதாவது ரேடார் வேற வேற திசையில அனுப்புற கற்றைகளை. மீசோஸ்பியர் எதிரொலி நேர் மேல பாக்குற பீம்லயும் தெரியும், பெரும்பாலும் அங்கதான் பலமா இருக்கும். எஃப் பகுதி ஒழுங்கின்மை பூமியோட காந்தக் கோட்டோட ஒட்டி நீண்டு கிடக்கும், பீம் அதுக்கு செங்குத்தா போனாதான் எதிரொலி, காதங்கியில அதுக்கு பீமை வடக்கே 14 டிகிரி வாக்குல சாய்க்கணும். நம்ம பையன் சாஞ்ச பீமை மட்டும்தான் எடுத்திருக்கான், ஏன்னா அதுலதான் "சிக்னல் நல்லா இருந்துச்சு". அது நல்லா இருந்ததுதான் துப்பே!

இதுல இன்னொரு சிக்கல், 100 கிமீ வாக்குல, டிக்கும் எஃப்க்கும் நடுவுல இருக்குற ஈ பகுதியில ராத்திரியில நிஜமாவே எதிரொலி வரும், அதுவும் காந்தக் கோட்டோட ஒட்டினதுதான், அதனால பீமை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது, அங்க ஐபிபி மாத்துறதுதான் ஒரே வழி. பகல்ல வர்ற 150 கிமீ எதிரொலி இன்னும் மோசம், 1 மில்லிசெகண்ட்ல அது சரியா எல்லையில விழும், பாதி மேல பாதி கீழ பிஞ்சு தெரியும்.

அந்தப் பையன் டேட்டா முழுக்க ஒரே ஐபிபி. திரும்ப எடுக்கணும்னா அடுத்த சீசன், அதாவது செப்டம்பர். சாப்டர் போச்சு, அப்ஸ்ட்ராக்ட்டை வாபஸ் வாங்கினான். ராத்திரிக்கு நடுவுல ஒரு பத்து நிமிஷம் வேற ஐபிபியில ஓட்டச் சொல்லிக் கேட்டிருந்தா முடிஞ்சிருக்கும்.

வேகமும் மடங்கும்

உயரம் மாதிரியே டாப்ளரும், அதாவது எதிரொலியோட அதிர்வெண் மாற்றத்தை வச்சு கணக்கு போடுற வேகமும், மடங்கும். 1 மில்லிசெகண்ட் ஐபிபி, 64 கோஹெரண்ட் இன்டக்ரேஷன்னா (அடுத்தடுத்த 64 பல்ஸோட எதிரொலியைக் கூட்டி ஒண்ணா எடுக்குறது) உங்களால செகண்டுக்கு 22 மீட்டர் வரைக்கும்தான் சந்தேகமில்லாம சொல்ல முடியும். கீழ் வளிமண்டலத்துக்குப் போட்ட அந்த செட்டிங்கை அப்படியே மேல கொண்டுபோய், எலக்ட்ரோஜெட்ல (காந்தப் பூமத்திய ரேகைக்கு மேல 100 கிமீ வாக்குல பகல்ல ஓடுற மின்னோட்டம்) செகண்டுக்கு 360 மீட்டர்ல ஓடுறதை அளந்தா வர்ற நம்பருக்கு அர்த்தமே கிடையாது.

30லேர்ந்து 60 கிமீ

அங்க எதிரொலி வராது. ரேடார் ரிப்பேர் இல்ல. ஈரப்பதமும் இல்ல, காத்தடர்த்தியும் கம்மி, எலக்ட்ரானும் இன்னும் வரல, எதுல பட்டு திரும்பும்? ப்ளாட் சாஃப்ட்வேர் அந்த ஓட்டையை அழகா கலர் பூசி அடைச்சிடும், அதை ஆஃப் பண்ணுங்க. அந்த உயரம்தான் வேணும்னா லேசர் ஒளியை அனுப்பி அளக்குற லிடாரோட டேட்டா கேளுங்க, காதங்கியிலயே இருக்கு.

செங்குத்து காத்து

இதை ப்ராஜெக்ட்டா எடுக்காதீங்க. நிஜத்துல செகண்டுக்கு சில சென்டிமீட்டர்தான் இருக்கும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் நம்ம தலைக்கு மேல 16 கிமீ வாக்குல கீழைக்காத்து ஜெட் செகண்டுக்கு 40 மீட்டர் வரைக்கும் கூட அடிக்கும், பீம் 1 டிகிரி சாஞ்சாலோ இல்ல காத்து அடுக்கே அவ்ளோ சாஞ்சிருந்தாலோ அதுலேர்ந்து 70 சென்டிமீட்டர் உள்ள புகுந்துடும். நீங்க அளக்க வந்தது அதுல எங்க இருக்குன்னு தேடணும். அடம் பிடிச்சு எடுக்குறவங்க எடுங்க, ஆனா "மேகத்துல ஏறும் காத்து"ன்னு தலைப்பு வைக்குறதுக்கு முன்னாடி இதைக் கணக்கு போட்டுக் காட்டுங்க.

மழை

இடி மழை நேரத்துல டாப்ளர் ஸ்பெக்ட்ரம்ல (எந்த வேகத்துல எவ்ளோ சிக்னல்னு காட்டுற வரைபடம்) ரெண்டு உச்சி வரும். கீழ நோக்கி செகண்டுக்கு 5, 8 மீட்டர்னு தெரியிறது மழைத்துளி, காத்து இல்ல. உங்க புரோகிராம் பெரிய உச்சியைத்தான் பிடிக்கும்.

நேரம்

டேட்டா எந்த நேரத்துல இருக்குன்னு ஹெடர்ல பாருங்க, யுடிக்கும் (உலக நேரம்) நம்ம நேரத்துக்கும் அஞ்சரை மணி நேரம். அது மட்டுமில்ல, காதங்கி கிழக்கு 79.2 டிகிரி, ஐஎஸ்டி 82.5 டிகிரிக்கு, அதனால அங்க சூரியன் உச்சிக்கு வர்றது சுமார் 13 நிமிஷம் லேட்டா. எலக்ட்ரோஜெட் பத்தி எழுதுறவங்களுக்கு இது தேவைப்படும்.

சாய்வு

14 டிகிரி சாஞ்ச பீம்ல 105 கிமீன்னா அது தூரம், உயரம் கிட்டத்தட்ட 102. கோசைன் போடுங்க.