எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது ஸ்டிக்கரைப் படியுங்கள்

முதல் கம்ப்யூட்டருக்கு உதிரி வாங்க, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்கு என்னையும் கூட்டிப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் மாடல் நம்பரோடு இருக்கும், வீட்டுக் கரண்டை மாற்றி கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மட்டும் இருக்காது. கேட்டால், "அது கேபினெட்டோடயே வருதுண்ணா" என்பார்கள். அதை மட்டும் வாங்கவே விடமாட்டேன். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்கையும் சேர்த்துக் கொண்டுபோய்விடலாம்.

அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்த வாட்டை நம்பாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் +12 வோல்ட் கட்டத்தில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் அதிலிருந்துதான் இழுக்கின்றன. அதை 12ஆல் பெருக்குங்கள். 16 ஆம்பியர் என்றால் 192 வாட்தான், பெட்டியில் 450 என்று போட்டிருந்தாலும் சரி. நல்ல 550 வாட்டில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும். 12 வோல்ட்டுக்கு இரண்டு கட்டங்கள் இருந்தால் அவற்றைக் கூட்டக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து எத்தனை வாட் என்று கீழே தனியாகப் போட்டிருப்பார்கள், அதுதான் கணக்கு.

சரி, எவ்வளவு தேவை? ரைசன் 5 7600 பிராசஸர் அதிகபட்சம் 88 வாட், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு 115 வாட். போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன்களுக்கு ஒரு 50 வைத்தால் மொத்தம் 250 பக்கம் வரும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு அவ்வப்போது ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு நேரத்துக்கு அதையும் தாண்டி இழுக்கும். என்விடியா இந்தக் கார்டுக்குச் சொல்வது 550 வாட், நானும் அதையே எடுப்பேன். 850 வாட்டுக்குப் போகிற காசில் 550 வாட்டிலேயே உயர்ந்த தரம் கிடைக்கும்.

80 பிளஸ் பிரான்ஸ், கோல்டு என்று போட்டிருக்கும் முத்திரைகளெல்லாம் மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான அளவு மட்டுமே. பாதுகாப்பு சர்க்யூட்டுகள் ஒழுங்காக வேலை செய்யுமா என்று அது சொல்லாது. அதற்கு, பிரித்துப் பார்த்துச் சோதித்த விமர்சனங்களைத் தேடிப் படியுங்கள். வாரண்டி 5 வருடத்துக்குக் குறைந்தால் நான் வாங்க மாட்டேன்.

சாயங்காலத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கும் ஊர் என்றால், இன்புட் 100–240 என்று போட்டதாகப் பாருங்கள். 115/230 என்று சிவப்பு ஸ்விட்ச் உள்ள பழைய வகை வேண்டவே வேண்டாம். நம் 230 வோல்ட் லைனில் யாராவது அதை 115க்குத் தள்ளிவிட்டால் வெடித்துவிடும்.

கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் வாங்கினால், பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை இதில் செருகாதீர்கள். பிளக் ஒரே மாதிரி பொருந்தும், உள்ளே பின் வரிசை வேறாக இருந்தால் எஸ்எஸ்டி கருகிவிடும்.

அப்புறம் எர்த். எர்த் இல்லாத சாக்கெட்டில் மாட்டினால், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸாக இருந்தாலும் கேபினெட்டைத் தொடும்போது சுள்ளென்று அடிக்கும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கசியவிடும் சிறு மின்சாரம் பூமிக்குப் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்பதுதான் காரணம். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பலனில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டுக்கு எர்த் இழுத்துவிடுங்கள்.