பொருள் அழிந்த பின் வரும் கால்பேக்: சி++ நிரலில் ஆயுட்காலத்தைப் பாதுகாப்பாகக் கையாளுதல்

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் டேட்டாமால் என்ற தரவுச் சேவையிலிருந்து பேருந்து வருகை நேரத்தைப் பெற்றுக் காட்டும் சிறு நிரலொன்றை பூஸ்ட் ஏசியோ என்ற சி++ வலைப்பின்னல் நூலகம் கொண்டு எழுதியபோது நான் கைக்கொண்ட முறை இது. லாம்ப்டாவும் ஷேர்டு பாயின்டரும் உங்களுக்குப் பழக்கமானவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

தேக்கா நிறுத்தத்தின் ஐந்திலக்க எண்ணைத் தட்டிய ஒருவர், பதில் வருமுன் திரையை மூடிவிடுகிறார். திரைக்குரிய பொருள் அழிந்துவிடுகிறது, கோரிக்கைக்கான கால்பேக்கோ (வேலை முடிந்ததும் அழைக்கப்படும் செயற்கூறு) இன்னும் வரிசையில் நிற்கிறது. அது பொருளின் முகவரியை மட்டும் வைத்திருக்கும் வெறும் ‘திஸ்’ பாயின்டரைப் பிடித்திருந்தால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும். சமக்குறியிட்டு எல்லாவற்றையும் பிடிக்கும் லாம்ப்டா ‘திஸ்’ஸையும் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்வதால், சி++20 அப்பழக்கத்தைக் கைவிடச் சொல்கிறது.

முதற்படியாக, வகுப்பை, பொருள் தனக்கே ஒரு ஷேர்டு பாயின்டர் பெற உதவும் எனேபிள் ஷேர்டு ஃப்ரம் திஸ்ஸிலிருந்து வருவித்து, பொருளை மேக் ஷேர்டு வழியாகவே உருவாக்குங்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் கோரிக்கையைத் தொடங்காதீர்கள்; அந்நேரத்தில் பொருளுக்கு உரிமையாளர் யாரும் இல்லை. ‘தொடங்கு’ என்று தனிச் செயற்கூறு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒவ்வொரு கால்பேக்கிலும் ஒரு கேள்வி: பொருள் போய்விட்டாலும் இந்த வேலை முடிந்தாக வேண்டுமா? கோப்பில் எழுதுவது போன்றதென்றால் ஷேர்டு பாயின்டரைப் பிடியுங்கள். திரையைப் புதுப்பிப்பது மட்டுமென்றால், பொருளை உயிரோடு பிடித்து வைக்காத வீக் பாயின்டரே போதும். யோசிக்காமல் எங்கும் ஷேர்டு பாயின்டரைத் தூவுவது எனக்கு உடன்பாடில்லை. மூடிய திரைகள் நினைவகத்தில் தங்கிவிடும்.

பலரும் தடுக்கி விழும் இடம் மூன்றாம் படி. டைமரை (குறித்த நேரம் முடிந்ததும் கால்பேக்கை அழைப்பது) ரத்து செய்தால் கால்பேக் வராது என்று நம்பிவிடுகிறோம். ஏசியோவில் அது வரும், ‘ஆபரேஷன் அபார்ட்டட்’ என்ற பிழைக்குறியோடு. அதைவிட நுட்பமானது, நேரம் ஏற்கெனவே முடிந்து கால்பேக் வரிசையில் சேர்ந்துவிட்ட பிறகு நீங்கள் ரத்து செய்தால், அது பிழைக்குறி ஏதுமின்றி வெற்றி என்றே வந்து சேரும் என்பதுதான். ஆகவே பிழைக்குறியைச் சோதிப்பது ஆயுட்காலச் சோதனைக்கு மாற்றாகாது. கால்பேக்கின் முதல் வரியிலேயே வீக் பாயின்டரின் ‘லாக்’கை (பொருள் இருந்தால் ஷேர்டு பாயின்டரைத் தரும், இல்லையேல் வெறுமையைத் தரும்) அழைத்து, விளைவை உள்ளூர் மாறியில் வைத்து, அது வெறுமையானால் திரும்பிவிடுங்கள். பொருள் அழிந்துவிட்டதா என்று ‘எக்ஸ்பயர்டு’ மூலம் முதலில் கேட்டுவிட்டுப் பிறகு தொடுவது தவறு, ஏனெனில் அவ்விரண்டு வரிகளுக்கு இடையே வேறொரு இழை (த்ரெட்) பொருளை அழித்துவிடலாம்.

சோதிக்க, நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவிகளில் எனக்கு அட்ரஸ் சானிடைசரே பிடிக்கும். வால்கிரைண்டை விட மிக வேகமானது. கம்பைல் செய்யும்போது ஒரு தெரிவைச் சேர்த்தால் போதும். பதில் வருமுன் திரையை மூடிப் பாருங்கள். பொருள் எங்கே விடுவிக்கப்பட்டது, பிறகு எங்கே தொடப்பட்டது என்ற இரண்டையும் அது காட்டும்.

பின்சேர்க்கை: முதற்படியைச் செய்தும் ‘பேட் வீக் பாயின்டர்’ விதிவிலக்கு எழுகிறது என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ‘பப்ளிக்’ என்ற சொல்லை விட்டிருந்தார். ‘கிளாஸ்’ என்று அறிவித்தால் மரபுவழி இயல்பாகவே பிரைவேட் ஆகிவிடும். கம்பைலர் குறைசொல்லாது, உள்ளிருக்கும் வீக் பாயின்டர் மட்டும் நிரப்பப்படாமலே இருக்கும்.

இன்னொருவருக்கு டிஸ்ட்ரக்டர் வலைப்பின்னல் இழையில் ஓடியிருக்கிறது. அங்கே ‘லாக்’ செய்த பாயின்டரே கடைசி உரிமையாளராக மிஞ்சினால் அப்படித்தான் ஆகும். திரைப்பொருள்களுக்கு, வீக் பாயின்டரையே முதன்மை இழைக்கு அனுப்பி, ‘லாக்’கை அங்கே அழையுங்கள்.