பானெட்டைத் திறக்கும் முன் அடியைப் பாருங்கள்

பழைய காருக்கு இன்னும் செலவு பண்ணலாமா, மாற்றிவிடலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: காரை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்.

என்னுடையது 2009 மாடல் ஆல்டோ. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேன். முள்ளக்காடு பக்கம் போனாலே உப்பளக் காற்று. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் கார் ரெண்டு நாள் சக்கரம் முங்க நின்றது. அடுத்த கோடையில் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் சீல்) போனது. 22,000 ரூபாய் கொடுத்துச் சரிபண்ணினேன். ஒரு மாதத்தில் முன்பக்கம் கடகடவென்று சத்தம்.

இந்த முறை வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் காரைத் தூக்கி, ஸ்குரூ டிரைவர் பிடியால் ரன்னிங் போர்டை, அதாவது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பகுதியை, தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். டிரைவர் கதவுக்குக் கீழே வந்ததும் 'பொத்'. முனையை வைத்து அழுத்தினார். பெயின்ட்டோடு உள்ளே போய்விட்டது. செங்கல்பொடி மாதிரித் துரு அவர் மணிக்கட்டில் கொட்டியது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு டீச்சர். அதைத் தாங்குத இடம்லா போச்சு."

ஆல்டோ மாதிரிக் கார்களில் லாரிக்கு இருப்பது போலத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியே சேஸிஸ். கதவிலோ ஃபெண்டரிலோ துரு என்றால் டிங்கரிங் போதும், பயப்பட வேண்டாம். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் மாட்டும் இடம், முன் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), ரன்னிங் போர்டு, ஷாக் அப்சார்பர் மேல்பக்கம் உட்காரும் தகடு: இந்த நாலில் துரு ஓட்டை விழுந்திருந்தால் நான் ஒரு ரூபாய்கூடச் செலவு பண்ணமாட்டேன். பேட்ச் வைத்து வெல்டு அடித்துப் பெயின்ட் பூசினால் பார்க்க நன்றாக இருக்கும். மோதினால் தாங்குமா என்பதுதான் என் கேள்வி. பின்சீட்டில் என் பேத்தி உட்காருகிறாள். கால்மிதியின் கீழ் இருக்கும் கார்ப்பெட்டையும் தூக்கிப் பாருங்கள். ஈரம் அங்கேதான் தங்கும்.

அடி நன்றாக இருந்தால் பில்களை எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் எந்தக் காரும் கேட்கும் செலவு. அதைக் காரின் குற்றமாக எழுதாதீர்கள். அதே கோளாறு திரும்ப வருவது, சர்வீஸுக்கு இடையில் ஆயில் குறைவது, நீலப் புகை, எஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ட் இறங்குவது, இவைதான் கணக்கு. இரண்டு வருஷத் தொகையை 24-ஆல் வகுத்து, அடுத்த காருக்குக் கட்டப்போகும் தவணையோடு வையுங்கள். எனக்கு மாதம் 2,900 வந்தது, தவணை 6,400. கணக்குப்படி பழைய காரை வைத்திருக்கத்தான் வேண்டும். துருதான் முடிவு பண்ணியது.

காரின் விலையில் பாதிக்கு மேல் ரிப்பேர் வந்தால் தள்ளிவிடு என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 60,000 ரூபாய்க்குப் போகும் காருக்கு நாலு டயரும் ஒரு கிளட்ச் செட்டும் போட்டாலே பாதியை நெருங்கிவிடும். அந்தப் பணத்துக்கு வேறு என்ன வண்டி கிடைக்கும் என்று பாருங்கள்.

ஆர்.சி. (பதிவுச் சான்று) தேதியையும் பாருங்கள். 15 வருஷம் முடிந்தால் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கியது. தேதி பக்கத்தில் இருந்தால் அதையும், எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்க்கும் முன் செய்ய வேண்டிய வேலைகளையும் எஸ்டிமேட்டில் சேருங்கள்.

விற்பதானால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாதீர்கள். பெயர் மாறியதைக் கண்ணால் பார்க்கும் வரை விபத்து, அபராதம் எல்லாம் உங்கள் வாசலுக்குத்தான் வரும். எனக்குத் துரு தெரிந்தும் இன்னொருவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. ஸ்கிராப்புக்குக் கொடுத்து, ஆர்.சி.யை ரத்து பண்ணினேன்.

இப்போது ஓட்டுவது மதுரையில் ஓடிய ஆறு வருஷக் கார். வாங்கும் முன் அதே மெக்கானிக்கைக் கூட்டிப்போய் 1,500 ரூபாய் கொடுத்தேன். அவர் முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அதன் அடியில் வெள்ளத்தில் நின்ற சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்தார்.