பொதிகளை இற்றைப்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் கடையொன்றின் பற்றுச்சீட்டு மென்பொருள், உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் கொண்ட வழங்கி (server) ஒன்றில் இயங்கிவருகிறது. அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. கடையின் இணைய இணைப்பில் இரவு நேர டேட்டா மாதந்தோறும் மிஞ்சியதால், நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு எல்லாப் பொதிகளும் (மென்பொருள் தொகுப்புகளும்) தாமாகவே இற்றைப்படுமாறு அமைத்திருந்தேன். எந்தக் கேள்விக்கும் ‘ஆம்’ என்று விடையளிக்கும் ‘-ஒய்’ என்ற தெரிவையும் கட்டளையோடு சேர்த்திருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை கடை திறந்தபோது, பற்றுச்சீட்டுப் பக்கத்துக்குப் பதிலாக பிஎச்பி நிரல்வரிகளே உலாவியில் தெரிந்தன. உபுண்டுவின் பொதி முகாமையாளரான ஏபிடி (apt) தன் வேலைகளைப் பதிந்துவைக்கும் வரலாற்றுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். இணையப் பக்கங்களை வழங்கும் அப்பாச்சியையும், அப்பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழியான பிஎச்பியையும் இணைக்கும் பொதி, புதிதாக வந்த வேறொரு பொதியோடு முரண்பட்டதால் அகற்றப்பட்டிருந்தது.

பொதி முகாமையாளர் அன்று பிழை எதுவும் செய்யவில்லை. எதை அகற்றப்போகிறது என்பதை அது சொல்லியிருந்தது, வாசிக்கத்தான் ஆளில்லை. பொதிகளை இற்றைப்படுத்துவதில் நடக்கும் தவறுகளுள் பெரும்பாலானவை இந்த வாசிக்காமையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

பெயர்களில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘ஏபிடி அப்டேட்’ எந்த மென்பொருளையும் புதுப்பிப்பதில்லை. பொதிகளைத் தரவிறக்கும் களஞ்சியங்களில் என்னென்ன பதிப்புகள் உள்ளன என்ற பட்டியலை மட்டுமே புதுப்பிக்கிறது. ‘ஏபிடி அப்கிரேட்’ பொதிகளைப் புதுப்பிக்கும், தேவையானால் புதியவற்றை நிறுவும், ஆனால் நிறுவப்பட்டிருக்கும் எதையும் அகற்றாது. ‘ஃபுல்-அப்கிரேட்’ அவசியம் என்று கருதினால் அகற்றவும் செய்யும். நான் இரவில் ஓடவிட்டது இந்த மூன்றாவது கட்டளையைத்தான். வழமையான பராமரிப்புக்கு இரண்டாவதே போதும். மூன்றாவதை, திரைக்கு முன் அமர்ந்திருக்கும்போது மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

ஏபிடி உறுதிப்படுத்தல் கேட்கும்போது, ‘அகற்றப்படும் பொதிகள்’ என்ற பகுதியைத்தான் முதலில் தேட வேண்டும். 2021 ஆம் ஆண்டில் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் என்னும் விளையாட்டு மென்பொருளை நிறுவ முயன்ற ஒருவர், எச்சரிக்கையைத் தாண்டி, முழு வாக்கியமாகத் தட்டச்சு செய்ய வேண்டிய உறுதிமொழியையும் தட்டச்சு செய்து, தம் கணினியின் வரைகலை மேசைச் சூழலையே இழந்தார். அந்தக் காணொளி உலகெங்கும் பேசப்பட்டது. ஐயமிருந்தால் கட்டளையோடு ‘-எஸ்’ என்ற தெரிவைச் சேர்த்து ஒத்திகை பார்க்கலாம். எதையும் மாற்றாமல், என்ன நடக்கும் என்பதை மட்டும் அது காட்டும்.

ஒரு பொதி மற்றொன்றை நம்பியிருக்கும் சார்புகளைச் சரிபார்க்கும்போது பலர் ஒரு திசையில் மட்டுமே பார்க்கிறார்கள். இந்தப் பொதிக்கு எவை தேவை என்பது பாதிக் கேள்விதான். இதை நம்பி எவை இருக்கின்றன என்பதே மறுபாதி. ‘ஏபிடி ஆர்டிபெண்ட்ஸ்’ இரண்டாவது கேள்விக்கு விடை தரும். ஒரு பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வரப்போகிறது என்பதை ‘ஏபிடி பாலிசி’ காட்டும். எங்கள் கடையில் முரண்பட்ட பொதி, எப்போதோ ஒரு தேவைக்காகச் சேர்த்து நீக்க மறந்த வெளிக் களஞ்சியத்திலிருந்து வந்தது என்பதை இந்தக் கட்டளையைக் கொண்டுதான் கண்டறிந்தேன்.

பைதான் நிரல்மொழியில் இதே தவறு வேறு உருவில் வருகிறது. இயங்குதளத்தின் பைதானுக்குள் நிர்வாகி உரிமையோடு, அம்மொழியின் பொதி நிறுவியான ‘பிப்’ மூலம் பொதிகளை நிறுவினால், ஏபிடி அறியாத பதிப்புகள் அதன் எல்லைக்குள் நுழைகின்றன. டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலிருந்து பிப் இதை மறுக்கிறது. அந்த மறுப்பை மீறும் தெரிவைத் தேடிப் பயன்படுத்துவதைவிட, ஒவ்வொரு செயற்திட்டத்துக்கும் தனி மெய்நிகர் சூழலை உருவாக்குவதே முறையானது.

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளுக்கான முகாமையாளராகிய என்பிஎம் பயன்படுத்துவோர், பதிப்பு எண்ணுக்கு முன்னுள்ள சிறு கூரைக் குறியின் (^) பொருளை அறிந்திருக்க வேண்டும். அந்தக் குறியோடு 1.2.3 என்று எழுதினால், 2.0.0 இற்குக் குறைந்த எந்தப் புதிய பதிப்பும் ஏற்கப்படும். ஆகவே நிறுவிய பதிப்புகளைத் துல்லியமாகப் பதிந்துவைக்கும் பூட்டுக் கோப்பைச் சேமிக்காத குழுவில் இருவரின் கணினிகளில் இருவேறு பதிப்புகள் அமைவது இயல்பு. அக்கோப்பை நிரலோடு சேர்த்து வைத்து, வழங்கியில் ‘என்பிஎம் சிஐ’ கட்டளையால் நிறுவினால், அதில் உள்ள பதிப்புகளே நிறுவப்படும். பாதுகாப்புக் குறைகளைத் திருத்தும் ‘ஆடிட் ஃபிக்ஸ்’ கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ சேர்ப்பதும் ஆபத்தானது, ஏனெனில் அது முதன்மைப் பதிப்பையே மாற்றி நிரலை முறிக்கக்கூடும். அதற்காக மறைமுகச் சார்புகளைப் பாராமலும் இருக்க முடியாது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தின் பாதுகாப்புக் குறைபாடு வெளியானபோது, அந்த நூலகத்தைத் தாமாக ஒருபோதும் சேர்க்காத நிறுவனங்களும், வேறொரு பொதியின் வழியே அது தம்மிடம் இருப்பதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மின்சாரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளையும், 2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் கண்ட நமக்கு, இற்றைப்படுத்தல் பாதியில் அறுந்துபோவது வெறும் கற்பனை அல்ல. யுபிஎஸ் இல்லாத கணினியில் பெரிய மேம்படுத்தலைத் தொடங்கக் கூடாது. அறுந்துபோனால், இரு செயல்முறைகள் ஒரே நேரத்தில் பொதிகளை மாற்றாமல் தடுக்கும் ஏபிடியின் பூட்டுக் கோப்புகளை அழிப்பதுதான் பலர் முதலில் செய்யும் காரியம். வேறொரு செயல்முறை இன்னும் இயங்கிக்கொண்டிருந்தால் அது பொதித் தரவுத்தளத்தையே சிதைத்துவிடும். எதுவும் இயங்கவில்லை என்பதை உறுதிசெய்த பின், அரைகுறையாக நிற்கும் பொதிகளை, ஏபிடிக்கு அடியில் இயங்கும் ‘டிபிகேஜி’யின் ‘கன்ஃபிகர்’ தெரிவால் முடித்துவைத்து, அதன் பிறகு விடுபட்ட சார்புகளை ஏபிடியின் ‘ஃபிக்ஸ்-புரோக்கன்’ தெரிவால் நிறைவுசெய்வதே சரியான வரிசை.

எல்லாம் பிழையின்றி முடிந்த பின்னும் ஒன்று எஞ்சியிருக்கும். மறைகுறியாக்கத்துக்கான ஓபன்எஸ்எஸ்எல் போன்ற நூலகம் புதுப்பிக்கப்பட்டாலும், முன்பே இயங்கிக்கொண்டிருக்கும் சேவைகள் நினைவகத்தில் உள்ள பழைய பதிப்பையே தொடர்ந்து பயன்படுத்தும். எவற்றை மீளத் தொடங்க வேண்டும் என்பதை ‘நீட்ரீஸ்டார்ட்’ காட்டும். இப்போதெல்லாம் சனிக்கிழமை மாலையில், கடை மூடும் நேரத்தில், ஒத்திகையின் பட்டியலை முழுவதும் வாசித்த பிறகே மேம்படுத்தலைத் தொடங்குகிறேன். சேவைகளை மீளத் தொடங்கி, மாதிரிப் பற்றுச்சீட்டு ஒன்றை அச்சிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டச் சொல்கிறேன்.