மாற்றுத்திறனாளி ஊழியரின் பணித் தயார்நிலையை மதிப்பிடுவது எப்படி?

ஓசூர் சிப்காட் தொழிற்சாலையானாலும் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள மாங்கூழ் ஆலையானாலும், மாற்றுத்திறனாளி ஒருவர் வேலை கேட்டு வந்தால் "குறைபாடு எத்தனை சதவீதம்?" என்ற கேள்விதான் பல இடங்களில் முதலில் எழுகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்ற அளவு இடஒதுக்கீடு போன்ற உரிமைகளுக்கானது. மருத்துவர் அளந்து எழுதிய அந்த எண், உங்கள் ஆலையின் ஒரு குறிப்பிட்ட வேலையை அவரால் செய்ய முடியுமா என்பதைச் சொல்லாது. ஆகவே ஆளை அளப்பதற்கு முன்னால் வேலையை அளக்க வேண்டும்.

அதற்கு வேலை நடக்கும் இடத்தில் ஒரு முழு ஷிப்ட் நின்று, நடப்பதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். மாம்பழத்தைத் தரம் பிரிக்கும் வேலையை எடுத்துக்கொள்வோம். ஓடும் பெல்ட்டில் அழுகிய பழத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது, அதைக் கையால் எடுத்துக் கூடையில் போடுவது, நிறைந்த கூடையைத் தூக்கி அப்பால் வைப்பது, இவற்றை எல்லாம் ஈரத் தரையில் மணிக்கணக்கில் நின்றபடி செய்வது என்று அது பிரியும். போலியோவால் ஒரு கால் பாதிக்கப்பட்டு காலிப்பர் (காலைத் தாங்கும் சட்டம்) அணிந்திருப்பவருக்கு முதல் இரண்டிலும் எந்தத் தடையும் இல்லை. கூடை தூக்குவதைப் பக்கத்தில் இருப்பவரிடம் மாற்றிவிட்டு, முதுகுச் சாய்வும் கால் வைக்கும் கம்பியும் உள்ள உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டால் மீதி வேலை முழுவதும் அவருடையது. ஆனால் கழுவுநீர் ஓடும் தரையில் காலிப்பர் செருப்பு வழுக்கும் என்பதால், வாசலிலிருந்து இருக்கை வரைக்கும், இருக்கையிலிருந்து கழிப்பறை வரைக்கும் ரப்பர் விரிப்பு தேவைப்படும். பதவியின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்பவர் கண்ணில் இது படவே படாது.

அடுத்தது அவருடனேயே பேசுவது. உடன் வந்த பெற்றோரிடமோ அண்ணனிடமோ கேள்வியைத் திருப்பாமல், அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். நோய் வரலாற்றைத் துருவ வேண்டியதில்லை. இந்த வேலையில் எது சிரமமாக இருக்கும், இதற்கு முன் எப்படிச் சமாளித்தார், எது இருந்தால் எளிதாகும் என்பவையே போதும். காது கேளாதவரிடம் தமிழில் எழுதிக் காட்டினால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களில் பலருக்குச் சைகை மொழியே முதல் மொழி என்பதால் சைகை மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வதே முறை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருபவரிடம் பேருந்து நேரத்தையும் கட்டாயம் கேளுங்கள். திறமையானவர் வேலையை விட்டுப் போவதற்கு இயந்திரத்தைவிட பேருந்தும் கழிப்பறையுமே பெரும்பாலும் காரணமாகின்றன என்பது என் கருத்து.

பிறகு முழு ஊதியத்துடன், உண்மையான லைனில் சில நாள் பணிச் சோதனை வையுங்கள். முதல் நாள் வேகத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது. ஒரு வேலை சரியாக வரவில்லை என்றால் அதைக் கற்றுக்கொடுத்தோமா, தேவையான வசதியைச் செய்தோமா, இரண்டும் இருந்தும் முடியவில்லையா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு மூன்று சூப்பர்வைசர்கள் மூன்று விதமாகச் சொன்னால் குழப்பமே மிஞ்சும். ஒருவரே சொல்லிக்கொடுத்து, படிகளைப் படங்களாக வேலை மேசையில் ஒட்டிவைத்தால் நிலைமை மாறும். காது கேளாதவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் பயன்படாது என்பதால், வண்டி வரும் பாதை கண்ணில் படும்படி இருக்கையைத் திருப்பிப் போடுவதும், தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கை இணைப்பதும் முதல் நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். பார்வையற்றவருக்கு அலுவலகக் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை நிறுவலாம்.

இவை சலுகைகள் அல்ல. நியாயமான வசதியை மறுப்பதையும் பாகுபாடு என்றே மேற்சொன்ன சட்டம் வரையறுக்கிறது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட்டு, அதில் உகந்த பணியிடங்களையும் செய்து தரும் வசதிகளையும் குறிப்பிட்டு, ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும். காதொலிக் கருவி, சக்கர நாற்காலி போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

முடிவில் தேவைகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எந்த வசதி, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள். மருத்துவ விவரம் அதில் இடம்பெற வேண்டாம். சூப்பர்வைசருக்குத் தெரிய வேண்டியது வசதிதானே தவிர நோய் அல்ல. ஒரு பிரதியை ஊழியருக்கு, அவர் படிக்கும் மொழியில் கொடுங்கள். ஓசூர்ப் பக்கத்தில் அது தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். முதல் மாத முடிவில் ஒருமுறையும், ஷிப்டோ லைனோ மாறும் ஒவ்வொரு முறையும், அவரை உட்காரவைத்து அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள்.