லெஃப்ட் ஜாயினில் காணாமல் போகும் பெயர்கள்

ஒரு பள்ளிக்குக் கட்டணம் கட்டாத பிள்ளைகளின் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் லெஃப்ட் ஜாயின்தான் போட்டிருந்தேன். அதாவது, இடப்பக்க டேபிளின் எல்லா வரிகளையும் (ரோ) வைத்துக்கொண்டு, வலப்பக்க டேபிளில் பொருந்தும் வரிகளை அவற்றோடு சேர்ப்பது. எரர் எதுவும் வரவில்லை. ஆனால் பட்டியலில் ஒரு பையன் விடுபட்டிருந்தான். இப்படிப் பொருந்தாத வரிகளையும் விடாமல் வைக்கும் அவுட்டர் ஜாயினில் தவறுகள் பெரும்பாலும் இப்படித்தான். குவெரி (நாம் எழுதும் கேள்வி) ஓடும், விடையும் வரும், நாம் யாரைத் தேடினோமோ அவர் மட்டும் அதில் இருக்கமாட்டார்.

சின்னதாக வைத்துப் பார்ப்போம். மாணவர் டேபிளில் 5 பேர். அமுதா, கண்ணன், செல்வி மூவரும் ஜூன் கட்டணம் மட்டும் கட்டியிருக்கிறார்கள். பாரி மே மாதத்துக்கு மட்டும் கட்டியிருக்கிறான். முருகன் கட்டவே இல்லை. மாணவரை இடப்பக்கம் வைத்து, கட்டணம் டேபிளை லெஃப்ட் ஜாயின் செய்து, வரிகளை வடிகட்டும் ‘வேர்’ பகுதியில் மாதம் = ஜூன் என்று எழுதினால் 3 பேர்தான் வருவார்கள். முருகனுக்குப் பொருந்தும் வரி இல்லை, அதனால் அவனுடைய மாதம் ‘நல்’, அதாவது மதிப்பே இல்லாத காலியிடம். நல்லை ஜூனோடு ஒப்பிட்டால் ‘ஆம்’ என்ற விடை கிடைக்காது, வேர் அவனைத் தள்ளிவிடும். எழுதியது லெஃப்ட் ஜாயின், கிடைப்பது, இரு பக்கமும் பொருந்தும் வரிகளை மட்டும் தரும் இன்னர் ஜாயின்.

உடனே பலரும் செய்யும் ஒட்டுவேலை, ‘அல்லது மாதம் இஸ் நல்’ என்று சேர்ப்பது. முருகன் திரும்பி வருவான். பாரி வரமாட்டான். அவனுக்கு மே மாத வரி பொருந்திவிட்டது. மாதம் ஜூனும் இல்லை, நல்லும் இல்லை. நான் விட்டது இந்தப் பாரியைத்தான். ஜூன் என்ற நிபந்தனையை, எந்த வரி எதோடு பொருந்தும் என்று சொல்லும் ‘ஆன்’ பகுதிக்குக் கொண்டுபோனால் 5 பேரும் வருவார்கள். அதன்பின் வேரில் கட்டணம் டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு வரிக்கும் உள்ள, காலியாக இருக்காத தனி அடையாளம்) இஸ் நல் என்று கேட்டால், பாரியும் முருகனும் சரியாக நிற்பார்கள். இங்கே பிரைமரி கீயையே பாருங்கள். ரசீதுக் குறிப்பு மாதிரி காலியாக இருக்கக்கூடிய நெடுவரிசையைப் பார்த்தால், கட்டியவரும் கட்டாதவராகிவிடுவார்.

இடப்பக்க டேபிளுக்கான நிபந்தனை நேர்மாறு. 10ஆம் வகுப்பு மட்டும் வேண்டுமென்றால் அதை வேரில்தான் எழுத வேண்டும். ஆனில் எழுதினால் எல்லா வகுப்புப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள்.

எண்ணும்போதும் கவனம் தேவை. வரிகளை எண்ணும் கவுன்ட் நட்சத்திரம், அதாவது COUNT(*), போட்டால் முருகனுக்கும் 1 என்று காட்டும், ஏனென்றால் நல் நிறைந்த ஒரு வரி அவனுக்கும் உண்டு. கட்டணத்தின் பிரைமரி கீயை எண்ணினால் 0 வரும். தொகையைக் கூட்டும் சம் போட்டால் அவனுக்கு நல்தான் கிடைக்கும். நல்லுக்குப் பதில் வேறு மதிப்பு தரும் கோஅலெஸ் கொண்டு 0 ஆக்கிக்கொள்ளலாம்.

பணக்கணக்கில் எனக்கு அதிகம் பயம் தருவது வேறொன்று. செல்வி ஜூன் கட்டணத்தை 500, 500 என்று இரண்டு தவணையாகக் கட்டியிருக்கிறாள், நூலகத்தில் 3 புத்தகமும் எடுத்திருக்கிறாள். மாணவரோடு இரண்டு டேபிளையும் ஒரே குவெரியில் சேர்த்தால் அவளுக்கு 6 வரி. கூட்டினால் 1000 ரூபாய் 3000 ஆகிவிடும். ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுக்கும் டிஸ்டிங்க்ட் போட்டுச் சரிசெய்யப் போனால் 500தான் வரும், அதுவும் தப்பு. ஒவ்வொரு டேபிளையும் சப்குவெரியில் (குவெரிக்குள் எழுதும் குவெரி) மாணவர்வாரியாகக் கூட்டிவிட்டு, பிறகு சேர்ப்பதே பாதுகாப்பு.

இரு பக்கத்திலும் பொருந்தாத வரிகளையும் தரும் ஃபுல் அவுட்டர் ஜாயின் எல்லா இடத்திலும் கிடைக்காது. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் இல்லை; எஸ்கியூலைட் என்ற இன்னொன்றில் 2022-இல் 3.39 பதிப்போடுதான் வந்தது. இல்லாத இடத்தில் லெஃப்ட் ஜாயின் முடிவோடு, வலப்பக்கம் மட்டும் உள்ள வரிகளை யூனியன் ஆல் கொண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேருங்கள்.